வகுபடாத முட்டைகள்

குளக்கரைப் புற்றில் எறும்புகள் குடியிருந்தன. விடாத மழையில் குளம் நிரம்பி, தண்ணீர் கரையேறத் தொடங்கியது.

"முட்டைகளை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்! உடனே!" என்று பதறினாள் பூவி என்ற தாதி எறும்பு. ராப்பகலாக அந்த முட்டைகளை நக்கித் துடைத்துக் காத்தவள் அவள்தான்.

சுமை தூக்குவது எறும்புக்குப் பெரிய வேலையா? ஆனால் அந்தப் புற்றில் ஒரு சட்டம் இருந்தது. எத்தனை வரிசையாகப் போனாலும் எல்லா வரிசைக்கும் ஒரே சுமை. ஒன்றுகூட ஏறக்குறைய இருக்கக் கூடாது. முன்பு சுமைக்காக அடித்துக்கொண்டவர்கள் அவர்கள். அதனால் வந்த சட்டம்.

முட்டைகள் மொத்தம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது. ஒரே வரிசையாகப் போனால் தண்ணீர் முந்திக்கொள்ளும்; முட்டைக்கு ஒரு வரிசை வைக்க எறும்புகள் போதாது. இரண்டு வரிசை என்றால் ஒன்று மிஞ்சியது. மூன்று என்றால் இரண்டு மிஞ்சியது. பத்து என்றால் ஒன்பது! தலைவர் கொம்பனுக்குத் தலை சுற்றியது. கணக்கில் புலியான கருவண்டைக் கூப்பிட்டார்.

வண்டு ஈர மண்ணில் கீறிக் கீறிக் கணக்குப் போட்டது. பிறகு துள்ளியது. "அடடா, பகா எண்! ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது! எவ்வளவு அழகு!"

"அழகா? அவை எங்கள் பிள்ளைகள்!" என்று கத்தினாள் பூவி.

"இன்னும் பெரிய எண்களால் வகுத்துப் பாரும்!" என்றார் கொம்பன்.

"வேண்டியதில்லை ஐயா. பெரிய எண்ணால் வகுபட்டால் ஈவு சிறியதாக வரும். அந்தச் சிறிய எண்ணாலும் வகுபட வேண்டுமே! எண்பத்தொன்பதை எண்பத்தொன்பதால் பெருக்கினாலே நம் எண்ணைத் தாண்டிவிடும். அதற்குக் கீழே எல்லாம் பார்த்துவிட்டேன். ஒரு முட்டையை விட்டுவிட்டால் இரண்டு வரிசைக்குச் சரியாக வரும்."

"எந்த ஒன்றை?" என்று கேட்டாள் பூவி. "அந்த ஒன்றையும் நானே சேர்த்துத் தூக்குகிறேன் ஐயா! கும்பிட்டுக் கேட்கிறேன்!"

"உன் வரிசைக்கு மட்டும் ஒன்று கூடுதலா? நாளைக்குக் குருணையும் கூடுதலாகக் கேட்பீர்கள்! எண்ணியதில்தான் தப்பு. மறுபடி எண்ணுங்கள்!" என்றார் கொம்பன்.

எண்ணினார்கள். அதே எண். முட்டை அறையில் ஈரம் கசிந்தது.

"இன்னொரு முறை!" என்றார் கொம்பன். பாவிகள், இன்னொரு முறையும் எண்ண உட்கார்ந்தார்கள்!

எண்ணி முடிப்பதற்குள் தண்ணீர் வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அப்போது சட்டமும் இல்லை, வரிசையும் இல்லை. அகப்பட்டதைக் கவ்விக்கொண்டு ஓடினார்கள்; பெரும்பாலானவற்றை வெள்ளம் வாயிலிருந்தே பறித்துக்கொண்டது. பூவி ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டு, மறுபடி மறுபடி உள்ளே போனாள். கடைசியாகப் போனவள் திரும்பி வரவில்லை.

மேட்டில் நனைந்து நின்ற கொம்பன், "எத்தனை முட்டை மிஞ்சியது?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு," என்றது வண்டு. அது தலை நிமிரவில்லை. "இரண்டாலும் வகுபடும் ஐயா. மூன்றாலும், நான்காலும், ஆறாலும்கூட."

கொம்பன் வாய்விட்டு அழுதார். அழுது என்ன பயன்!

ஆபத்து வாசலில் நிற்கும்போது சரிசமம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், காப்பாற்ற வேண்டியதையே இழந்துவிடுவார்கள்.