கரும்பாறைப் பாலைவனத்துக்குப் படம் போட்ட மூவர்

அந்த மூன்று பேரையும் முட்டாள்கள் என்கிறார்கள். முதலில் நடந்ததைக் கேளுங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

எரிமலை எப்போதோ கக்கி ஆறிப்போன பாலைவனம் அது. கண்ணுக்கெட்டிய மட்டும் கன்னங்கரேல். பட்டாளம் பீரங்கி சுட்டுப் பழக அங்கே இடம் பார்த்த காலத்தில், வரைபடம் போட மூன்று பேரைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார்கள்: ஜமேதார் ஞானாதிக்கம், மைக்கூடு சுமந்த மாசாணம், அளவுச் சங்கிலி இழுத்த ஒச்சு.

பட்டாளத்துத் துரை கண்டிப்பாகச் சொன்னார்: “தரையில் இருப்பது படத்தில் இருக்க வேண்டும். படத்தில் இருப்பது தரையில் இருக்க வேண்டும். ஒத்துவந்தால் வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஊருக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னொரு வருஷம் இங்கேதான்.”

ஒச்சு விரல்விட்டு நாளை எண்ணினான். ஊரில் அக்காள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எந்தப் பிள்ளைக்காவது காது குத்துவார்களா?

படத்தை அருமையாகவே போட்டார்கள். பாலைவனத்து நடுவில் நின்ற மலையின் உயரம் காட்ட அதைச் சுற்றிப் பதினொரு வளையக் கோடுகள். சரிபார்க்கப் போன ஒச்சு மலையடியில் நின்றுவிட்டான்.

“ஜமேதாரய்யா, மலையில ஒரு கோடுகூட இல்லையே?”

“நல்லாப் பாருடா. வெயில்ல மங்கியிருக்கும்.”

இல்லை. அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றி வந்து, பதினொரு கோடும் போட்டு முடித்தார்கள். கறுப்புப் பாறையில் கரிக்கோடு தெரியவில்லைதான். தெரிய வேண்டும் என்று துரை எங்கே சொன்னார்? இருக்க வேண்டும் என்றுதானே சொன்னார்!

வியாழக்கிழமை மாசாணம் தும்மினான். படத்தில் ஒரு சொட்டு மை விழுந்தது.

“பாவி! அளவுப்படி இது கால் மைல் அகலம்டா. அவ்வளவு பெரிய கறுப்புக்கு நான் எங்கே போவேன்?” என்று ஜமேதார் தலையில் கைவைத்தார்.

ஒச்சு குனிந்து தரையைப் பார்த்தான்.

“ஐயா, தரை கறுப்பாத்தானே இருக்கு? சொட்டு விழுந்த இடம்தான் சரி. மிச்சப் படம்தான் தப்பு.”

இதை மறுத்துப் பேச உங்களால் முடியுமா?

“பாலைவனத்துக்கு வெள்ளையடிச்சிரலாமா?” என்றான் மாசாணம்.

“கப்பல் நாளைக்குடா, மடையா. மைக்கூட்டைக் கொண்டா.”

வெள்ளிக்கிழமை துரை படத்தை விரித்தார். திருப்பினார். தலைகீழாகவும் பார்த்தார்.

“மலை எங்கே?”

“உள்ளே இருக்கு தொரை. எதிரி கையில சிக்கினாலும் கவலையில்லை,” என்றார் ஜமேதார்.

துரை மூவரையும் பார்த்தார். இவர்களோடு இன்னொரு வருஷம் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். தன் கையாலேயே கப்பலில் ஏற்றிவிட்டார்.

கப்பல் புறப்பட்டு ஒரு நாழிகை. மாலுமி கடல் படத்தை விரித்துவைத்திருந்தார்; ஆழம் குறித்து நெடுக எண்கள். ஒச்சு அதை எட்டிப் பார்த்தான். ஓடிப்போய்க் கடலை எட்டிப் பார்த்தான். அலறிக்கொண்டு திரும்பினான்.

“கப்பலை நிறுத்துங்க மாலுமியண்ணே! தண்ணியில ஒரு நம்பரையும் காணோம். இது வேற யாரோட கடலோ! இந்த வழியில எங்க அக்கா வீடு வராது!”