நாங்கள் எல்லோரும்

கொள்ளிடக் கரையில் ஒரு சிறு மடம். அதன் தலைவி சிவகாமி அம்மைக்கு நாற்பது வயது. சீடர் ஞானப்பிரகாசத்துக்கு அறுபத்து மூன்று. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தின் வாட்ஸ்அப் குழுவை அவர்தான் பார்த்துக்கொண்டார்.

குருபூஜைக்கு மறுநாள் காலை, முகம் வாடி வந்தார்.

"அம்மா, தவமணி குழுவை விட்டுப் போய்விட்டாள். மஸ்கட்டில் வீட்டு வேலை செய்கிறாளே, அந்தப் பெண். ஊருக்கு வந்தே நாலு வருஷம் இருக்கும். நான் யாரையும் தவறாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே."

"கடைசியாக என்ன எழுதினீர்கள், ஐயா?"

"குருபூஜையைப் பற்றி. எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதினேன்."

"அதை அப்படியே அவளுக்குப் போன் செய்து வாசியுங்கள்."

அவர் அழைத்தார். தவமணி எடுத்ததும் வாசிக்கத் தொடங்கினார்.

"அன்பர் அனைவருக்கும் வணக்கம். நேற்று குருபூஜை இனிதே நிறைவுற்றது. நாங்கள் எல்லோரும் கூடி..."

நின்றுவிட்டார். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எழுதியபோது தடையில்லாமல் ஓடிய வாக்கியம், ஒருத்தியிடம் சொல்லும்போது நகரவில்லை.

"சொல்லுங்க ஐயா," என்றாள் தவமணி. "எல்லாரும் கூடி?"

"பாடினோம்மா."

"எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு."

"இங்க எட்டரை. பாத்திரம் கழுவிக்கிட்டே நானும் பாடினேன். வீட்டுக்காரம்மாவுக்குக் கேக்கக் கூடாதேன்னு வாய்க்குள்ளயே. உங்க எல்லாரோடயும் சேர்ந்து பாடுறதா நினைச்சுக்கிட்டேன். அப்புறம்தான் நீங்க போட்டதைப் படிச்சேன்."

அங்கே யாரோ அவளை அதட்டிக் கூப்பிடும் குரல் கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

ஞானப்பிரகாசம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, 'நாங்கள்' என்பதை 'நாம்' என்று திருத்திவிடுகிறேன். அவளும்தான் பாடியிருக்கிறாளே. நாம் எல்லோரும் சேர்ந்து பாடினோம் என்பதுதானே உண்மை?"

"அவள் நம்மோடு பாடினாள், ஐயா. நாம்தான் அவளோடு பாடவில்லை."