மஞ்சள் நோட்டீஸும் மறைந்து நின்ற பலகையும்

முன்னொரு ஆடி மாதத்தில், பெரிய வணிக வளாகம் ஒன்றின் வாசலில், பின்சக்கரத்தில் பூட்டும், நெற்றியில் மஞ்சள் நோட்டீஸுமாக ஒரு நீல ஸ்கூட்டி வெலவெலத்து நின்றது.

"ஆயிரம் ரூபாய் அபராதம்" என்றது நோட்டீஸ். சிவப்பு எழுத்து, வட்ட முத்திரை, நடுவில் தராசுப் படம். கோர்ட்டிலிருந்து நேரே இறங்கி வந்த மிடுக்கு. "கூடாத இடத்தில் நின்றாய். கட்டாவிட்டால் மேல்நடவடிக்கை உண்டு."

"என்ன நடவடிக்கைங்க?"

"அதைச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால்தான் பயம் வரும்."

ஸ்கூட்டியை ஓட்டுகிற நிறைமதி விடுதியில் தங்கிப் படிப்பவள். அவள் பையில் இருந்தது மெஸ்ஸுக்குக் கட்ட வேண்டிய காசு. அது இங்கே போனால் மாசம் பூரா பன்னும் டீயும்தான்.

"நீயாவது விடேன்" என்று பூட்டிடம் கெஞ்சியது.

"என்னை ஏன் கேக்குற? மாட்டுன்னா மாட்டுவேன், திறன்னா திறப்பேன். யோசிக்கிறது என் வேலையில்ல."

நிறைமதி வந்தாள். கிழித்துப் போடுவாள் என்று பூட்டு நினைத்தது. அழுதுகொண்டே பணத்தை எடுப்பாள் என்று ஸ்கூட்டி நினைத்தது. அவளோ நோட்டீஸைப் பொறுமையாகப் படித்துவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நீ போலீஸா?"

"இல்லை."

"கோர்ட்டா? மாநகராட்சியா?"

"பார்க்கிங் கான்ட்ராக்ட் கம்பெனி." நோட்டீஸின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்ப இது அபராதமே இல்ல, நீ கேக்குற காசு. கேளு, தப்பில்ல. எதுக்குன்னு நானும் கேப்பேன். இங்க நிறுத்தக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

"அதோ, அந்தத் தூணில், பலகையில்."

தூணில் ஆடித் தள்ளுபடி பேனர்தான் படபடத்தது. பட்டுப்புடவை கட்டிய பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல்.

"இங்கதாம்மா இருக்கேன்" என்றது பலகை. "என் மூஞ்சி மேல பேனர் கட்டிக்கச் சொல்லி ஜவுளிக்கடைக்காரங்ககிட்ட வாடகை வாங்குனதே எங்க கம்பெனிதான். ஆடி பொறந்ததுலேருந்து ஒரு ஈ காக்கா என்னைப் படிக்கல."

ஸ்கூட்டிக்குச் சிரிப்பு வந்து பக்கத்துக் கண்ணாடி இரண்டும் ஆடின. நிறைமதி ஸ்கூட்டி நின்ற இடத்திலிருந்தே தூணைப் படம் எடுத்தாள், பூட்டையும் எடுத்தாள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி, நோட்டீஸோடு சூப்பர்வைசர் கதிரேசனின் அறைக்குப் போனாள்.

"எதுக்கும்மா வம்பு? எல்லாரும் கட்டிட்டுத்தான் போறாங்க. உனக்காகப் பாதி குடு, போதும்."

"பாதித் தப்பு பண்ணியிருந்தா பாதி குடுப்பேண்ணா. நான் எழுதியிருக்கறதுக்கு எழுத்துலயே பதில் குடுங்க. பலகை யார் கண்ணுக்குத் தெரிஞ்சுது, எந்த விதிப்படி பூட்டுனீங்க. கீழ பேரு போட்டு, கையெழுத்துப் போட்டு."

கதிரேசன் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தராசு இருந்தது, முத்திரை இருந்தது, ஒரு மனுஷன் பேர் இல்லை.

நோட்டீஸுக்கு வியர்த்தது. "நீயே போட்டுடேன்" என்று முத்திரையிடம் கிசுகிசுத்தது.

"நான் வெறும் அச்சுப்பா. என்னை வம்புல மாட்டிவிடாத" என்றது முத்திரை.

"நான் சம்பளத்துக்கு இருக்கறவன்மா" என்றார் கதிரேசன்.

"அப்ப கையெழுத்துப் போடறவருக்குப் போன் பண்ணுங்க. அவர் வர்ற வரைக்கும் இருக்கேன். இன்னிக்கு எனக்கு வகுப்பு இல்ல."

கதிரேசன் போன் பண்ணினார். எதிர்முனை, கையெழுத்துக்குப் பேர் கேட்டதும் எரிந்து விழுந்தது, பிறகு படங்களைப் பற்றிக் கேட்டது, பிறகு போனை வைத்துவிட்டது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நோட்டீஸின் குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கொடுத்து, சாவியை எடுத்தார்.

"திறன்னாங்க, திறந்துட்டேன்" என்றது பூட்டு.

ஸ்கூட்டி குஷியாக ஒரு ஹாரன் அடித்துக் கிளம்பியது. அடுத்து நின்ற வெள்ளைக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த இன்னொரு மஞ்சள் நோட்டீஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது காரின் காதருகே குனிந்து மெல்லச் சொன்னது:

"எவ்வளவுன்னு கேளுங்கண்ணே, சொல்றேன். ஏன்னு மட்டும் கேட்டுடாதீங்க."