ஆற்றுத் திட்டில் வெண்ணி

பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். ராஜாக்கள் யானைமேல் ஏறி ஊர்வலம் போன காலத்தில், ஒரு பேராற்றின் நடுவே சின்னத் திட்டு ஒன்று இருந்தது. அதில் இரண்டே குடிசைகள். ஒன்றில் ஓடக்காரன் ஆதனும் அவன் மனைவி வெண்ணியும் இருந்தார்கள். மற்றொன்றில் வலை பின்னும் சேந்தி தனியாக இருந்தாள்.

ஒருநாள் ஆதனுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது, வலக்கால் விழுந்தது, பேச்சும் குழறியது. அன்று வெண்ணியின் நெஞ்சில் புகுந்த பயம் வெளியே போகவே இல்லை. 'கண்ணை மூடினால் இவர் மூச்சு நின்றுவிடும். நகர்ந்தால் எமன் உள்ளே வந்துவிடுவான்' என்று நினைத்தாள். அவள் சரியாக உண்ணவில்லை, உறங்கவில்லை, வாசலைத் தாண்டவில்லை. கணவன் இருமினால் நடுங்குவாள். இருமாவிட்டால் இன்னும் நடுங்குவாள்.

"நான் பார்த்துக்கொள்கிறேன், கொஞ்சம் படு" என்று சேந்தி வந்து வந்து கேட்டாள்.

"வேண்டாம் அக்கா" என்று வெண்ணி அனுப்பி அனுப்பி வைத்தாள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, ஆதனைத் தூக்கி உட்காரவைக்கும்போது அவளுக்குக் கண் இருட்டியது. இருவரும் தரையில் விழுந்தார்கள். அவன் நெற்றியில் ரத்தம். துடைக்கப் போன அவள் கை நிற்காமல் ஆடியது.

ஆதன் அந்தக் கையைப் பார்த்தான். ஒரேயடியாக நாலு காரியம் சொன்னால் இவள் கேட்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். ஆடி பிறந்த அன்று அவள் கஞ்சி கொண்டுவந்தபோது வாயை மூடிக்கொண்டான்.

"நீ குடி. பிறகு நான். இந்த மாதம் இது ஒன்றுதான் கேட்பேன்" என்றான் குழறலாக.

அவன் பட்டினி கிடப்பானே என்ற பயத்தில் அவள் குடித்தாள். நாள்தோறும் குடித்தாள்.

ஆவணியில் இன்னொன்று கேட்டான். "மத்தியானம் சேந்தி இருக்கட்டும். நீ தூங்கு." வெண்ணி படுத்தாள், ஆனால் காதைத் திறந்துவைத்துக்கொண்டே கிடந்தாள். மாதம் பாதி போனபின்தான் அசந்து தூங்கினாள். விழித்ததும் பதறிப்போய் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது.

புரட்டாசியில் மூன்றாவது கேட்டான். "சாயங்காலமும் சேந்தி இருக்கட்டும். நீ திட்டைச் சுற்றி நடந்துவிட்டு வா." அதுதான் அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் கரைவரை போய் ஓட்டமாய்த் திரும்பினாள். மெல்ல மெல்லத்தான் முழுச் சுற்று கூடியது. அப்போதும் பாதி வழியில் குடிசையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

ஐப்பசி வந்தது. ஒரு சாயங்காலம் திட்டின் மேற்கு முனையில் நின்றவள் ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் செம்மண்ணாய்ப் புரண்டது. வேரோடு ஒரு மரம் வந்தது. அதன் பின்னே ஒரு கூரை வந்தது. அதற்குப் பின்னால் பெரிய இரைச்சல் வந்தது.

'நான் இல்லாத நேரத்தில்தான் வரவேண்டுமா?' மனம் புலம்ப, அவள் ஓடினாள். மூச்சு இரைத்தது, ஆனால் கால் தளரவில்லை.

"அக்கா, வெள்ளம். இவர் காலைப் பிடியுங்கள்" என்றாள் சேந்தியிடம். ஆதனின் தோளை வெண்ணி பிடித்தாள். வாசலில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. கண் இருட்டவில்லை, கை ஆடவில்லை. ஆதனை ஓடத்தில் கிடத்தி, இருவரும் துடுப்பைப் பிடித்தார்கள்.

"இடப்பக்கம்... இன்னும் இடப்பக்கம்" என்று படுத்தபடியே ஆதன் வழி சொன்னான். அக்கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது திட்டில் குடிசைகள் இல்லை.

வெண்ணி அழுதாள். "உங்களை விட்டுப் போயிருந்தேனே."

"என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் வெள்ளம் உன் கண்ணில் பட்டிருக்குமா?" என்றான் ஆதன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரையில் இருந்த யாரோ கொண்டுவந்து கொடுத்த சூடான கஞ்சியை வாங்கினாள். பயம் இன்னும் இருந்தது. இருந்தாலும், கேட்காமலே தான் முதலில் குடித்தாள். பிறகு அவனுக்குக் கொடுத்தாள்.

நோயாளியைப் பேணுகிறவர் தம் உடம்பையும் பேணவேண்டும், அதுவும் அந்தப் பணியில் சேர்ந்ததே.