இருளாயி கொண்டுவந்த ஒரு கலயம் தண்ணீர்

முன்னொரு காலத்தில், மழை வழி மறந்துபோன ஒரு வறட்டுச் சீமை இருந்தது. அங்கே கிணறு வெட்டிப் பிழைத்தவன் செவத்தையன். கருஞ்சடையன் என்ற மந்திரவாதி அவனிடம் வந்து, "எனக்கு மட்டும் ஒரு கிணறு வெட்டு" என்றான்.

"கிணறுன்னா ஊருக்குத்தான் சாமி. ஒருத்தருக்குன்னு வெட்ட என் கை வராது."

மந்திரவாதிக்கு வந்ததே கோபம். அவனைக் கற்றாழையாக்கி, வேர் மேலேயும் மடல் கீழேயுமாகத் தன் வாசலில் கட்டித் தொங்கவிட்டான். செவத்தையனின் மனைவி இருளாயி ஓடிவந்து காலில் விழுந்தாள்.

"மூணு பாலை தாண்டி ஒரு ஊத்து இருக்கு. வருஷத்துக்கு ஒரு கலயந்தான் சுரக்கும். அந்தத் தண்ணி இவன் வேர்ல விழுந்தா மனுஷனாவான்" என்று சிரித்தான். போனவர் யாரும் திரும்பியதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

இருளாயி போனாள். முதல் பாலையில் செருப்பு அறுந்தது. இரண்டாம் பாலையில் பாதம் வெடித்தது. மூன்றாம் பாலையில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் ஊற்றில் கலயத்தை நிறைத்துத் திரும்பும் வழியெல்லாம் அதிலிருந்து ஒரு மடக்குக் குடிக்கவில்லை.

திரும்பி வந்தால், மந்திரவாதி வாசலில் புரண்டுகொண்டிருக்கிறான். அவன் வளர்த்த தீ அவன் மேலேயே பாய்ந்து, கை முதல் மார்பு வரை வெந்திருந்தது. தொங்கிய செடியில் ஒரு மடலைப் பிடுங்கி அப்படியே அப்பியிருந்தான். மஞ்சள் பால் பட்டுப் புண் இன்னும் எரிந்தது.

"மடலோட பாலை வடியவிட்டு, உள்ள இருக்கிற சோத்தை ஏழு தண்ணி கழுவணும். இதுகூடத் தெரியாதா?" என்றாள் இருளாயி. ஆனால் அந்த வீட்டில் ஒரு துளித் தண்ணீர் இல்லை. அவள் கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். விட்டுவிட்டுப் போனால் யார் கேட்கப்போகிறார்கள்? நானாக இருந்தால் போயிருப்பேன்.

அப்போது செடி பேசியது. "புள்ள, நான் தலைகீழாத் தொங்கினாலும் சாகாத செடி. இன்னும் ஒரு வருஷம் பொறுப்பேன். அவன் இன்னிக்குப் பொழுதைத் தாண்ட மாட்டான். என்னை அறு."

"உங்க மேல எப்படிக் கத்தி வைப்பேன்?"

"வை."

அழுதுகொண்டே ஒரு மடலை அறுத்தாள். பால் வடியும்வரை நிமிர்த்தி வைத்தாள். தோலைச் சீவி, சோற்றை வழித்துச் சட்டியில் போட்டு, ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் என்று ஏழு தண்ணீர் கழுவினாள். கலயம் காலியானது. சோற்றை வெந்த இடமெல்லாம் பூசினாள். எரிச்சல் அடங்கிற்று.

கருஞ்சடையன் தலைகுனிந்து அழுதான். "உன் தண்ணியை என் புண்ணு குடிச்சிருச்சே தாயி. போட்ட மந்திரத்தை அவிழ்க்க எனக்கே தெரியாது."

வறட்டுச் சீமையில் கழுவிய தண்ணீரை யாரும் தெருவில் கொட்டுவதில்லை, ஏதாவது செடிக்குத்தான் ஊற்றுவார்கள். இருளாயியும் கயிற்றை அவிழ்த்து, குழி பறித்துச் செடியை நட்டு, வேறொரு சட்டியில் வடித்து வைத்திருந்த கசந்த தண்ணீரை வேரில் ஊற்றினாள். அடுத்த வருஷம்வரை வாடாமல் இருக்கட்டும் என்றுதான் ஊற்றினாள். வேறொன்றும் நினைக்கவில்லை.

மண் அசைந்தது. செவத்தையன் எழுந்து நின்றான். இடது கையில் இரண்டு விரல் இல்லை.

"அழாத புள்ள. மம்பட்டி பிடிக்க எட்டு விரல் போதும்."

அந்த வாசலிலேயே ஊருக்கென்று ஒரு கிணறு வெட்டினான். மண் சுமந்தது கருஞ்சடையன். தண்ணீர் வந்த அன்று ஊரெல்லாம் குடித்து முடித்த பிறகு, கடைசியில் வந்து அவன் கையேந்தினான். செவத்தையன் எட்டு விரலால் கலயத்தைப் பிடித்து, அந்தக் கை நிறைய ஊற்றினான்.