அமிலத்தில் ஊறிய எலும்பு

எலும்பு அறுவை சிகிச்சையில் பேரெடுத்து ஓய்வு பெற்ற டாக்டர் இருதயராஜ், தன் மகள் வயதுள்ள ஒருவரிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். குருவின் பெயர் அங்கயற்கண்ணி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில், கட்டியிலிருந்து எடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவர். அவர் எழுதியனுப்பிய அறிக்கைகளில் இத்தனை காலமும் இருதயராஜ் கடைசி வரியை மட்டும்தான் படித்திருந்தார். மேல் வரிகளில் என்ன இருக்கும் என்ற ஆசை வயதான பிறகு வந்தது. அதுவாவது வந்ததே.

மாணவர் குருவை "மேடம்" என்பார். குரு மாணவரை "சார்" என்பார். ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்த்தது.

பொங்கலுக்கு முந்தைய நாள் பர்வீனின் தொடை எலும்பில் கட்டி இருந்த இடத்துத் துண்டு வந்தது. பர்வீன் பேக்கரியில் ரொட்டி சுடுபவள். கணவன் இல்லை. ஆசிப் என்று இன்னும் பள்ளிக்கூடம் போகாத மகன் மட்டும். அவள் இருதயராஜை வராந்தாவில் நிறுத்தினாள். நாகூரில் இருக்கும் அக்கா, பையனை இப்போதே கொண்டுவந்து விடச் சொல்கிறாளாம். திடீரென்று ஒருநாள் கொண்டுவந்து விட்டால் ஏங்கிப்போவான், இப்போதிருந்தே பழகட்டும் என்கிறாளாம்.

"அனுப்பிடவா சார்?" என்று கேட்டாள்.

"ஸ்லைடு வரட்டும்மா, சொல்றேன்."

ஸ்லைடுக்காக எலும்பை அப்படியே சீவ முடியாது. அமிலத்தில் ஊறவைத்து, சுண்ணாம்பு கரைந்து மெத்தென்று ஆனபிறகுதான் சீவுவார்கள். அங்கயற்கண்ணி துண்டின் ஓரத்திலிருந்த மிருதுவான பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை மாணவரிடம் கொடுத்தார். அமிலத்திலிருந்து சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். இருதயராஜ் சிரித்தார்.

"எலும்போட பிடிவாதம் எனக்குத் தெரியும் மேடம்."

பண்டிகை விடுமுறை முடியும்வரை அதை ஊறவிட்டார்.

ஸ்லைடு தயாரான பிற்பகலில் வெளியே மேகம் கவிந்திருந்தது. இருவர் சேர்ந்து பார்க்கும் நுண்ணோக்கியில் எதிரெதிரே குனிந்தார்கள். கட்டியில் ஒரு புரதம் இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தால் சாயத்தில் பழுப்பு நிறம் ஏறும். அது உள்ளவர்கள் அதிகம் பேர் பிழைக்கிறார்கள், இல்லாதவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்று ஆராய்ச்சிகள் சொல்லின.

எங்கும் வெளிர் நீலம். விடிவதற்கு முந்தைய வானத்துக்குள் தனியாக நடப்பதுபோல் இருந்தது இருதயராஜுக்கு. எவ்வளவு தூரம் போயும் பழுப்பு வரவில்லை.

"நாள் கம்மின்னு போய்ச் சொல்லிட்டு வரேன் மேடம்" என்று எழுந்தார். அவர் அப்படிச் சொன்னால் பர்வீன் அன்றைக்கே பையனை நாகூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு ரத்தக்குழாய் காட்டுங்க சார்."

காட்டினார்.

"என்ன நிறம்?"

"நீலம்."

"நம்ம எல்லாருக்கும் ரத்தக்குழாய்ல இந்தப் புரதம் இருக்கும். அதுலயே நிறம் ஏறலையே?"

இருதயராஜ் மெல்ல உட்கார்ந்தார். "அமிலம் தின்னுடுச்சு."

"இந்த ஸ்லைடு புரதம் இல்லைன்னு சொல்லலை சார். எதையும் சொல்ல முடியாம கிடக்கு."

 இருதயராஜுக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

தனியே எடுத்து வைத்திருந்த மிருதுவான பகுதிக்குச் சாயம் ஏற்றினார்கள். இம்முறை நீலத்தின் நடுவே டிக்காஷன் நிறத்தில் தீவுகள் எழுந்தன. இருதயராஜ் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு மிதந்து போனார். எத்தனை கால்களை அறுத்திருக்கிறார். உள்ளே இப்படி ஒரு தேசம் இருப்பதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"இப்ப சொல்லலாம் இல்லையா? எவ்வளவு நாள் மேடம்?"

நாள் போகப்போக எத்தனை பேர் உயிரோடு மிச்சம் என்று காட்டும் ஓர் ஆராய்ச்சிப் படத்தை அங்கயற்கண்ணி எடுத்து முன்னால் வைத்தார். இரண்டு கோடுகள் படிப்படியாகக் கீழிறங்கின. மேல் கோடு புரதம் உள்ளவர்களுடையது, கீழ்க் கோடு இல்லாதவர்களுடையது.

"பர்வீன் எங்க இருக்காங்க?"

இருதயராஜ் விரலை மேல் கோட்டில் வைத்து நகர்த்தினார். விரல் எங்கும் நிற்கவில்லை.

"தெரியலை."

"ஒவ்வொரு படியும் ஒருத்தர் செத்த இடம். மேல் கோட்டுலயும் படி இருக்கு. கீழ்க் கோட்டுலயும் கடைசிவரை வந்தவங்க இருக்காங்க."

இருதயராஜுக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்ப எதுக்கு மேடம் இந்தப் பாடு?"

"வைத்தியத்தை நாம கவனமா பண்றதுக்கு. எத்தனை பேர்ல எத்தனை பேர் பிழைக்கிறாங்கன்னு அவங்க கேட்டா ஒளிக்காம சொல்லுங்க. ஆனா நாம பார்த்த துண்டு பொங்கலுக்கு முன்னாடியே செத்துப்போச்சு சார். அதுகிட்ட நாள் கேக்கறீங்க."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெஞ்சில் பர்வீன் உட்கார்ந்திருந்தாள். பையன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஈ உட்காராமல் அவள் துப்பட்டாவை அசைத்தபடி இருந்தாள். அவளுக்கும் பாதி தூக்கம்தான். கை மட்டும் நிற்கவில்லை.

"நான் என்ன பதில் சொல்றது?" என்றார் இருதயராஜ்.

"அவங்க என்ன கேட்டாங்க?"

"எவ்வளவு நாள்னு..." என்று தொடங்கி நிறுத்தினார். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பையனை அனுப்பிடவான்னு கேட்டாங்க."

அங்கயற்கண்ணி நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

"அதுக்குச் சாயம் ஏத்திப் பார்க்கணுமா சார்?"