கோட்டுக்கு முன்னால் நின்ற கார்

"டீச்சர், உங்ககிட்ட வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. இன்னும் ஒண்ணுமே சொல்லித் தரலையே?"

மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு கேட்டார் குணசீலன்.

"அக்கா எங்க சார்?" என்றாள் ஜெனிட்டா.

"பின்னாடி வந்துட்டிருக்கா. அவ முழங்கால் வலிதான் தெரியுமே. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

ஜெனிட்டாவுக்கு முப்பது வயது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளைக் கெடுப்பதுதான் அவள் கலை. அவள் கை வைத்த விளையாட்டில் துப்பாக்கியை அழுத்தினால் எதிரிக்குக் கொட்டாவி வரும். கெடுத்ததை இணையத்தில் போடுவாள். எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து விளையாடிவிட்டுச் சிரிப்பார்கள்.

குணசீலன் ரிட்டயர் ஆனவர். சாஃப்ட்வேர் கம்பெனியில் காலமெல்லாம் தப்பு கண்டுபிடித்துச் சரிசெய்கிற உத்தியோகம். இவள் விளையாட்டுகளைப் பார்த்துச் சொக்கிப்போய், சாவதற்குள் தானும் இப்படி ஒன்று செய்துவிட வேண்டும் என்று சீடராக வந்து சேர்ந்தார். குரு மகள் வயசுக்காரி என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. தங்கமான மனுஷன், பாவம்.

"சாயங்காலம் புது கார் ரேஸை நெட்ல திறந்துவிடப் போறேன். கொஞ்சம் பார்த்துக்குங்க, பால் வாங்கிட்டு வந்துடறேன்," என்று ஜெனிட்டா கிளம்பினாள்.

இரண்டாவது மாடிப் படியில் குணசீலனின் மனைவி பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். ஜெனிட்டாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பால் மறந்தே போயிற்று.

இருவரும் மேலே வந்தபோது குணசீலனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், எல்லாரையும் முந்திக்கிட்டுப் போற கார், முடிவுக் கோட்டுக்கு முன்னாடி அப்படியே நின்னுடுது! நல்லவேளை, பார்த்தேன். சரி பண்ணிட்டேன்."

திரையில் கார் கோட்டைத் தாண்டியது. பட்டாசு வெடித்தது.

"சார், கடைசி கார் வர்ற வரைக்கும் அது காத்திருக்கும். அவ்வளவுதான் சார் என் விளையாட்டே."

குணசீலனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பழசு ஒரு காப்பி வச்சிருப்பீங்கல்ல?"

"நான் எதுக்குமே வைக்கிறதில்ல."

"ஐயையோ! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இதுக்கு லாயக்கில்ல டீச்சர். போயிடறேன்."

ஜெனிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போறதுன்னா போங்க. ஆனா கெடுத்து வச்சுட்டுப் போங்க."

"எனக்குச் சரி பண்ணத்தானே தெரியும்? கெடுக்க வராதே!"

"அப்ப பால் வாங்கிட்டு வாங்க. அக்காவையும் கூட்டிட்டுப் போங்க."

பழக்கதோஷம், விறுவிறுவென்று இறங்கினார். பாதியில் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தார். பூங்கோதை மேல்படியில் சுவரைப் பிடித்தபடி, அடுத்த படிக்குக் காலைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்ப மேலே ஏறினார்.

பால் வந்து சேர வெகுநேரம் ஆனது. வந்ததும் குணசீலன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வைத்த காபி ஆறி ஆடை படிந்தது.

சாயங்காலம் ஜெனிட்டா ஒரு தடவை விளையாடிப் பார்த்தாள். விளையாட்டின் கீழே இருந்த தன் பெயரை அழித்துவிட்டு, குணசீலன் என்று அடித்தாள். திறந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்திலேயே முதல் ஆள் எழுதினான்.

"என்னய்யா இது? ஜெயிக்கப் போற நேரத்துல கார் திரும்பிக்கிட்டு, கடைசி காரைத் தேடிப் போகுது! அப்புறம் அதோடயே மெதுவா உருண்டுக்கிட்டு வருது. யாராவது சரி பண்ணுங்கப்பா!"

குணசீலனின் கை தானாகக் கீபோர்டுக்குப் போயிற்று.

பக்கத்து நாற்காலியிலிருந்த பூங்கோதை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும், விடுங்க," என்றாள்.